பிரசவத்துக்குப் புறப்படும் பை

கலியாணம் என்றால் தாம்பூலப் பை முதல் பந்திப் பாய் வரையில் ஆறு மாதத்துக்கு முன்பே ஜாபிதா எழுதி, அதை நாலு பேரிடம் காட்டித் திருத்தி, வாங்கியவற்றுக்கு எதிரே கோடு போட்டு வைக்கிற நம் குடும்பங்கள், பிரசவம் என்று வந்துவிட்டால் மட்டும் வலி கண்ட பிறகே அலமாரியைத் திறக்கின்றன. நள்ளிரவில் ஒருவர் பழைய வேட்டியைத் தேடுவதும், இன்னொருவர் ஸ்கேன் எடுத்த காகிதத்தைத் தேடுவதும், வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்க, நிறைமாதக் கர்ப்பிணியே எழுந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “மஞ்சள் பையில்தான் வைத்தேன், பீரோவுக்கு மேலே பாருங்கள்” என்று சொல்வதும் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். இத்தனைக்கும் இன்ன மாதத்தில், ஏறக்குறைய இன்ன வாரத்தில் வரப்போகிறது என்று வீட்டார் அனைவருக்கும் வெகு நாட்களுக்கு முன்பே தெரிந்த காரியம் இது.

இந்தத் தாமதத்துக்குச் சோம்பல் காரணமல்ல. பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்கலாகாது, தொட்டில் வாங்கலாகாது, பெயரைப் பற்றிப் பேசக்கூட ஆகாது என்கிற பழைய அச்சம் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிறந்த சிசுக்களில் பலவும், பெற்ற தாய்மாரில் சிலரும் தவறிப்போவது சகஜமாக இருந்த காலத்தில், ஆசையை வளர்த்து ஏமாறுகிற வேதனையிலிருந்து மனத்தைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நம் பாட்டிமார் தங்களைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி அது. அதைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், அந்த வேலியைத் தாண்டாமலே பையைக் கட்டிவிட முடியும் என்பது விளங்கும். ஏனெனில் பிறக்கிற குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் கடையிலிருந்து புதிதாக வாங்க வேண்டிய வஸ்து அநேகமாக ஒன்றுமில்லை. துவைத்துத் துவைத்து மிருதுவாகிப்போன பழந்துணிகள் சிலவே அதற்குப் போதும். பையில் மிஞ்சுகிற இடமெல்லாம் தாய்க்கு உரியது. பிரசவத்துக்குப் புறப்படும் பை தாயின் பை என்பதை வீட்டார் மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். குழந்தைக்கென்று சட்டையும் கிலுகிலுப்பையும் பவுடரும் நிறைய வந்திருக்க, பெற்றவளுக்கு மாற்றிக் கட்ட ஓர் உடை இல்லாமல் வீட்டுக்கு ஆள் ஓடுகிற நிலைமை நம் பிரசவ வார்டுகளில் அபூர்வமல்ல.

இப்படி ஒரு பையைக் கட்ட வேண்டிய அவசியமே நம் சமூகத்துக்கு ஏற்பட்டு அதிக காலம் ஆகவில்லை. மருத்துவச்சி வீடு தேடி வந்து, புழக்கடை அறையிலோ, தடுத்து மறைத்த தாழ்வாரத்திலோ பிரசவம் பார்த்துப் போன நாட்களில், வேண்டிய துணியும் வெந்நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சென்னை எழும்பூரில் பெண்களுக்கென்றே ஏற்பட்ட ஆஸ்பத்திரிக்கு 1844-ஆம் வருஷம்தான் பிறந்த வருஷம். அந்நிய ஆடவர் கண்ணில் படலாகாது என்று திரைக்குள் வாழ்ந்த ஸ்திரீகளும் வந்து வைத்தியம் பெறட்டும் என்று, இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி தொடங்கியது 1885-இல். அப்போதும் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுவது ஒரு சிலர் காரியமாகவே வெகுகாலம் இருந்தது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்போதோ, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில்தான் நடந்திருக்கின்றன. வீட்டை விட்டுப் போய்ப் பிள்ளை பெறுவது சர்வசாதாரணமாகிவிட்டது. வீட்டில் கைக்கெட்டியவற்றைக் கூடவே எடுத்துப் போகிற முன்யோசனை மட்டும் இன்னும் நம் பழக்கத்தில் சரியாக ஊறவில்லை.

அந்த முன்யோசனை எந்த மாதத்தில் வர வேண்டும்? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களை எண்ணி டாக்டர் குறித்துத் தருகிற தேதியை, ரயில் புறப்படுகிற நேரத்தைப் போல நம்பிவிடுகிறவர்கள் அநேகர். உண்மையில் குறித்த அதே நாளில் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம். 37 வாரம் பூர்த்தியானால் நிறைமாதம் என்பது வைத்தியக் கணக்கு. அதற்கு முன்பாகவே உலகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தை பிறந்துவிடுகிறது. ஆகையால் எட்டாம் மாதம் முடிவதற்குள் பை கட்டி முடிந்திருக்க வேண்டும். இரட்டைக் குழந்தை என்று சொல்லப்பட்டவர்களும், ரத்த அழுத்தம் ஏறியிருப்பவர்களும், முந்தைய பிரசவம் மாதம் நிறையாமல் ஆனவர்களும் ஏழாம் மாதத்திலேயே கட்டி வைத்துவிடுவது உத்தமம். கட்டுவது யார் என்பது அதைவிட முக்கியம். கர்ப்பிணியும், ஆஸ்பத்திரியில் அவளோடு தங்கப்போகிற பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து கட்ட வேண்டும். எந்தத் துணி எந்த மூலையில் இருக்கிறது என்று, படுத்திருக்கிறவளைக் கேட்காமலே எடுத்துத் தரக்கூடியவள் பக்கத்தில் இருப்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

எல்லாவற்றுக்கும் முதலில் காகிதங்களைச் சொல்ல வேண்டும். துணி மறந்தால் வாங்கிக்கொள்ளலாம், காகிதம் மறந்தால் வாங்க முடியாது. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியர் பதிவு செய்து தருகிற 12 இலக்கப் பிக்மி எண், மாதந்தோறும் எடையும் ரத்த அழுத்தமும் குறிக்கப்பட்ட தாய் சேய் நல அட்டை, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், முதல் ஸ்கேன் தொடங்கிக் கடைசி ஸ்கேன் வரையில் எல்லா அறிக்கைகளும், ஆதார் அட்டை, தாயின் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் நகல், காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் ஒரே உறைக்குள், தண்ணீர் படாதபடி பிளாஸ்டிக் கோப்பில், பையின் மேல்பாகத்தில் இருக்க வேண்டும். இவற்றிலும் மேலாக இருக்க வேண்டியது ரத்த வகைச் சீட்டு. உதிரப்போக்கு மிகுந்தால் டாக்டர் தேடுகிற முதல் தகவல் அது. தாயின் ரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்து குழந்தையினுடையது பாஸிட்டிவாக அமைந்தால், பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி என்னும் ஊசி போட்டாக வேண்டும். தவறினால் அடுத்த கர்ப்பத்தின் சிசுவுக்கு ஆபத்து நேரக்கூடும். ஆகவே நெகட்டிவ் என்று தெரிந்தவர்கள் அதைச் சிவப்பு மையில் எழுதி உறையின் மேலேயே ஒட்டி வைப்பது நல்லது. ரத்தம் கொடுக்க இசைந்த இரண்டு மூன்று உறவினர்களின் தொலைபேசி எண்களையும் அதிலேயே குறித்து வைக்கலாம்.

நம் நாட்டுச் சம்பிரதாயத்தில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கமாதலால், ஐந்து மாதமோ ஏழு மாதமோ புகுந்த வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக்கொண்ட பெண், வளைகாப்பு முடிந்து கைநிறைய வளையலோடு பிறந்தகத்துக்குப் புறப்படுகிறாள். சித்திரான்னங்களும் பட்சணங்களும் கூடைகூடையாகக் கூடப் போகின்றன. அட்டையும் சீட்டுகளும் மாமியார் வீட்டுப் பரணிலேயே தங்கிவிடுகின்றன. புது ஊர் ஆஸ்பத்திரியில் அவளை யாரும் முன்பின் பார்த்ததில்லை. ரத்தசோகை இருந்ததா, சர்க்கரை இருந்ததா, தடுப்பூசி எத்தனை ஆயிற்று என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. வளையல் அடுக்கும் அதே நாளில் காகித உறையையும் அவள் கையில் எடுத்துக் கொடுப்பதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளும்படி இரு வீட்டுச் சம்பந்திமாரையும் நான் கேட்டுக்கொள்வேன். ஊர் மாறுவதைப் பழைய ஊர்ச் செவிலியரிடமும் புது ஊர்ச் செவிலியரிடமும் சொல்லிவிட வேண்டும். எழும்பூர் ஆஸ்பத்திரியில் பணியாற்றியவரும், 1927-இல் சென்னைச் சட்டசபையில் உபதலைவராக அமர்ந்தவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழக அரசு வழங்குகிற 18,000 ரூபாய் மகப்பேறு உதவியும், அதில் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகமும், பதிவு ஒழுங்காக இருந்தால்தான் தடையின்றி வந்து சேரும்.

காகித உறையில் இன்னொன்றும் சேர வேண்டும்; இதைச் சொல்பவர்கள் குறைவு. தாய், தந்தை இருவரின் பெயர்களையும், வீட்டு விலாசத்தையும், ஆதாரில் உள்ள எழுத்துப்படி, தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பிறப்புப் பதிவுக்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் நிரப்புகிற வேளையில் தாய் அயர்ந்து கிடப்பாள், தகப்பனார் மருந்துக் கடைக்குப் போயிருப்பார். பக்கத்திலிருக்கும் அத்தையோ சித்தியோ வாய்க்கு வந்தபடி சொல்ல, அது அப்படியே பதிவாகி, பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதற்காக வருஷக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. 2023 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்வது முதல் பல காரியங்களுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் ஏற்பட்டுவிட்டதால், அந்த ஒரு தாளின் மதிப்பு முன்னைவிட அதிகம். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை; குழந்தையின் பெயரை ஒரு வருஷத்துக்குள் சேர்த்தாலும் கட்டணமில்லை. ஆகையால் பெயர் முடிவாகவில்லையே என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி, தாய்க்கு வேண்டியவை. முன்பக்கம் ஜிப்போ பொத்தானோ வைத்த பருத்தி நைட்டிகள் மூன்று நான்கு, கறை தெரியாத அழுத்தமான நிறத்தில் இருந்தால் சௌகரியம். நைட்டி பழக்கமில்லாதவர்களுக்குப் புடவையே போதும். நம் பெண்கள் அணியும் ரவிக்கையில் கொக்கி முன்புறமே இருப்பதால் பால் கொடுக்க அதைவிட எளிதான உடை வேறில்லை, கர்ப்பத்தில் உடம்பு பருத்திருக்குமாதலால் ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்ததாக மட்டும் இருக்கட்டும். ஆனால் சிசேரியன் ஆகிவிட்டால் புடவை உதவாது. இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா தையலின் மேல் பட்டு உறுத்துகிற வேதனை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சிசேரியன் நமக்கு நேராது என்று நினைத்து யாரும் பையைக் கட்டக் கூடாது. இயற்கையாக ஆகும் என்று கடைசி நிமிஷம் வரை சொல்லப்பட்டவர்களுக்கும் சிசுவின் இதயத் துடிப்பு தளர்ந்தால் அறுவை அவசியமாகிவிடும். ஆகவே இடுப்புக்கு மேலே ஏறி நிற்கிற, தளர்ந்த உள்ளாடைகளும், இரண்டு நைட்டியும் எவர் பையிலும் இருக்கட்டும்.

பிரசவத்துக்குப் பிறகான உதிரப்போக்கு நாலு முதல் ஆறு வாரம் வரையில் சிறிது சிறிதாக இருக்கும். முதல் சில நாட்கள் மிகுதியாக இருக்கும். இதற்கான பெரிய அளவு நாப்கின்கள் இரண்டு கட்டாவது வேண்டும். பழந்துணியையே உபயோகிக்கிறவர்கள் அதைக் கொதிநீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, சுத்தமான உறைக்குள் மூடி எடுத்துப் போக வேண்டும்; மூலையில் கிடந்த துணியைக் கிழித்துக் கொடுத்த காலம் போகட்டும். ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் நனைந்துவிட்டால், அது பிரசவமானால் இப்படித்தான் இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னாலும் கேட்காமல், உடனே நர்ஸை அழைக்க வேண்டும். பிரசவத்தில் தாயின் உயிரைக் குடிக்கிற காரணங்களில் உதிரப்போக்குக்கு இன்றும் முதலிடம்.

சில்லறைச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பல் துலக்குவன, சோப்பு, இரண்டு துண்டு, வழுக்காத ரப்பர் செருப்பு, சீப்பு, பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், கிண்ணம், கரண்டி. அறுவைக்கு அழைத்துப் போகுமுன் நர்ஸம்மா கேட்கிற இரட்டைச் சடைக்கு ரிப்பன் இரண்டு. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதன் கூட்டையும் மறக்கக் கூடாது. தைராய்டுக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, ஆஸ்துமாவுக்கோ தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அந்த மருந்தைச் சீட்டோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். புது ஆஸ்பத்திரியில் எல்லாம் கொடுத்துவிடுவார்கள் என்று இருந்துவிடக் கூடாது. திருக்கருகாவூர்க் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வாங்கி வந்த விளக்கெண்ணெய்க் குப்பி நம் பக்கத்துப் பெண்கள் பலரின் பையில் இருக்கும். அதை வயிற்றில் தொட்டுத் தடவிக்கொள்வதால் மனத்துக்கு வருகிற தைரியம் பெரிது. உள்ளுக்குச் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

குழந்தைக்கு என்ன வேண்டும்? தாயின் கருப்பையில் இதமான சூட்டில் இருந்த சிசு, நனைந்த உடம்போடு வெளிக்காற்றில் வந்து விழுகிறது. மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கிறது. அந்த ஈரம் உலரும்போதே உடம்பின் சூட்டையும் கொண்டு போய்விடுகிறது. ஆகவே முதல் தேவை துடைக்க ஒரு துணி, ஈரத்துணியை அகற்றிவிட்டுப் போர்த்த இன்னொரு துணி. உடம்பின் அளவுக்குத் தலை பெரிதாயிருப்பதால் தலைவழியே சூடு அதிகம் இறங்கும்; அதற்கு ஒரு சிறு குல்லாய். காலுக்குப் பருத்தி உறை. இடுப்புக்குக் கட்ட முக்கோணத் துணிகள் ஒரு டஜனாவது. பழைய வேட்டி, பழம்புடவை ஆகியவற்றை நம் முன்னோர் இதற்குத் தேர்ந்தெடுத்தது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. புதுத்துணியில் ஏற்றிய கஞ்சியும் சாயமும் போய், நூல் இளகி, ஈரத்தை வாங்குகிற பதத்துக்கு வந்திருப்பது பழந்துணிதான். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்ற சம்பிரதாயமும், இன்றைய வைத்தியர் சொல்வதும் இந்த ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்வது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பழையது என்பதற்கு அழுக்கானது என்று பொருளல்ல. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ ஜுரத்தால் தாய்மார் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்தபோது, பிரசவம் பார்க்கும் டாக்டர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவிவிட்டு வரவேண்டும் என்று செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் 1847-இல் கட்டாயப்படுத்தியவுடனே சாவு வெகுவாகக் குறைந்தது. கையும் துணியும் சுத்தமாக இருப்பது பிரசவ அறையில் உயிர் காக்கும் மருந்து. துணை இருப்பவளுக்கென்று ஒரு தனிச் சோப்பு பையில் இருப்பதும், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கைகழுவிய பிறகே குழந்தையைத் தொடுவதும் கண்டிப்பான விதியாக வேண்டும்.

பிறந்தவுடன் குளிப்பாட்டுவதற்கென்று எண்ணெயும் கடலை மாவும் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவரலாம். முதல் 24 மணி நேரம் குழந்தையைக் குளிப்பாட்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தோலின் மேல் படிந்திருக்கும் வெண்ணெய் போன்ற பூச்சு அதற்கு இயற்கை கொடுத்த கவசம். எடை குறைந்து பிறந்த குழந்தையானால், தாயின் வெற்று மார்பில் அதை அணைத்துக் கட்டிவைக்கிற முறை ஒன்று, இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் 1978-இல் தொடங்கி, இன்று நம் ஆஸ்பத்திரிகளிலும் கங்காரு முறை என்ற பெயரில் நடந்துவருகிறது. அதற்கும் வேண்டியது நீளமான பருத்தித் துணி ஒன்றே.

ஏழைத் தாய்மாருக்கு இவற்றையெல்லாம் அரசே கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் பல தேசங்களில் தோன்றியிருக்கிறது. பின்லாந்தில் 1938-இல் ஏழைகளுக்கென்று தொடங்கிய பிரசவப் பெட்டி, 1949 முதல் எல்லாத் தாய்மாருக்குமாயிற்று. ஆனால் நாலாம் மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் வந்து காட்டிக்கொண்டவர்களுக்குத்தான் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். பெட்டியின் ஆசையால் கர்ப்பிணிகள் காலத்தோடு பரிசோதனைக்கு வந்தார்கள். துணிகளை எடுத்த பிறகு அந்த அட்டைப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கையாயிற்று. தமிழ்நாட்டிலும் 2015-இல் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று 16 பொருட்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் ஒன்று ஏற்பட்டது. துண்டு, உடை, கொசுவலை, நகவெட்டி முதலியவற்றோடு தாய்க்குச் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இருந்தன. தாயையும் மறவாமல் சேர்த்த அந்த யோசனையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எடுத்துப் போகக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். பால் புட்டியும் பால்மாவு டப்பாவும் முதலாவது. இவற்றை விளம்பரப்படுத்துவதை 1992-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்க, நாமாக ஆஸ்பத்திரிப் பையில் வைத்து எடுத்துப் போவது எதற்கு? பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சிசுவைத் தாயின் மார்பில் போட்டால், மஞ்சள் நிறத்தில் சிறிதளவே சுரக்கும் சீம்பால் அதற்குப் போதும். வைத்தியக் காரணத்தால் வேறு பால் தேவைப்பட்டால் டாக்டரே சொல்வார். இரண்டாவது, சேனை தொட்டு வைக்கிற சர்க்கரைத் தண்ணீரும் தேனும். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சேனை வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கையின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுப்பதால் கொடிய நஞ்சுநோய் வரக்கூடும் என்பது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அந்தப் பெரியவர் குழந்தையின் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும். மூன்றாவது நகை. மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் அறுவைக்கு முன் கழற்றச் சொல்வார்கள். அவசரத்தில் கழற்றியவை காணாமற் போவதும் உண்டு. தாலிக்கொடியைப் பற்றி வீட்டில் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நகப்பூச்சும் மருதாணியும் விரல் நுனியில் மாட்டி உயிர்வாயுவின் அளவைக் காட்டும் கருவிக்கு இடைஞ்சல் செய்யக்கூடும். கடைசி மாதத்தில் விரல் நுனிகளை அலங்கரிக்காமல் விட்டுவைப்பது நல்லது.

இத்தனையும் இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டால் பை நிறைந்ததாகாது. திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று திருநாமம் ஏற்பட்ட வரலாற்றை அறியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. நிறைமாதக் கர்ப்பிணியான ரத்னாவதிக்குப் பிரசவம் பார்க்கப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே தங்கிவிட, இங்கே மகள் வலியால் துடிக்க, சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பக்கத்தில் இருந்தார் என்பது ஸ்தல புராணம். பெண்ணின் தேவை இன்னதென்று இந்தக் கதையை உண்டாக்கியவர்கள் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்கிறார்கள்! தெரிந்த முகம் ஒன்று கையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருப்பதே அவளுக்கு முதல் உதவி. அப்படித் துணை இருந்தால் வலி நேரம் குறைகிறது, அறுவையின் தேவையும் குறைகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருத்தியை அனுமதிக்க ஏற்பாடு உண்டு. அந்தத் துணை யார் என்பதை எட்டாம் மாதத்திலேயே தீர்மானிக்க வேண்டும்; உறவில் மூத்தவள் என்பதற்காக அல்ல, கர்ப்பிணி யாரை விரும்புகிறாளோ அவளாக. வார்டில் அவளுக்குக் கட்டில் கிடையாது. ஆகவே பாய் ஒன்று, போர்வை ஒன்று, மாற்றுப் புடவை, பிஸ்கட்டு, சில்லறைக் காசு, செல்பேசியும் அதன் சார்ஜரும் தனியாக ஒரு சிறு பையில் வேண்டும். இரவும் பகலும் ஒருத்தியே கண்விழிக்க முடியாதாகையால், முறை மாற்றிக்கொள்ள இன்னொருத்தியும் தயாராக இருக்கட்டும்.

வண்டி ஏற்பாடும் பையைச் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற 108 ஆம்புலன்ஸ் இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும், சிசேரியனும், மருந்தும், ரத்தமும், சுகப்பிரசவமானால் மூன்று நாள், சிசேரியனானால் ஏழு நாள் வரை சாப்பாடும் இலவசமென்று 2011-இல் மத்திய அரசுத் திட்டமே ஏற்பட்டிருக்கிறது. வீடு திரும்ப 102 என்ற எண்ணில் தாய் சேய் ஊர்தி கிடைக்கும். இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் இருக்கையில் விரிக்க ஒரு ரப்பர் ஷீட்டும் அதன் மேல் ஒரு துண்டும் வைத்துக்கொண்டால், வழியில் பனிக்குடம் உடைந்தாலும் கலங்க வேண்டியதில்லை.

கடைசியாக, கணவன்மாருக்கும் மாமியார்மாருக்கும் தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். விட்டுவிட்டு வந்து, நேரம் செல்லச்செல்ல நெருங்கி, படுத்தாலும் நடந்தாலும் அடங்காமல் வலுக்கிற வலி வந்தால் பையை எடுத்துக்கொண்டு நிதானமாகப் புறப்படலாம். ஆனால் ரத்தம் போனாலும், பனிக்குடம் உடைந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், தாங்க முடியாத தலைவலியோடு பார்வை மங்கினாலும், வலிப்பு கண்டாலும், பையையும் தேட வேண்டாம், நல்ல நேரமும் பார்க்க வேண்டாம். கட்டிய துணியோடு அவளை அழைத்துக்கொண்டு அந்த நிமிஷமே புறப்படுங்கள். பையை வேறொருவர் பின்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும்.